சாவி டீச்சரின் வியாழக்கிழமை

அந்தப் பள்ளிக்கூடத்தில் மொத்தம் இருபத்து மூன்று பூட்டுகள். இருபத்து மூன்றுக்கும் சாவி ஒரே இடுப்பில்தான் தொங்கியது. அது துணைத் தலைமையாசிரியையின் இடுப்பு. கொத்தின் எடை இரண்டரைக் கிலோ என்று கணக்கு வாத்தியார் அடித்துச் சொல்வார். அவள் ஒரு நாள் விடுப்பு எடுத்தபோது கட்டடமே ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டதென்றும், மறுநாள் காலை அவள் வாசலில் வந்து நின்ற பிறகுதான் நிமிர்ந்ததென்றும் காவலாளி சொல்வார். அவர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிடலாம். அவள் மாடிப்படியில் கால் வைத்தால், கொத்து குலுங்கும் சத்தத்துக்கே மூன்றாம் வகுப்பின் கடைசி பெஞ்சு வரைக்கும் வாயை மூடிக்கொள்ளும் என்பதை மட்டும் தள்ள முடியாது. பிள்ளைகள் வைத்த பெயர் சாவி டீச்சர்.

இந்தச் சாவி டீச்சருக்கு இரண்டு வருஷமாக எதுவுமே உறைக்கவில்லை.

நோய் என்று எதுவும் இல்லை. நேரத்துக்கு எழுந்தாள், நேரத்துக்குக் கதவு திறந்தாள், நேரத்துக்குத் திட்டினாள். ஆசிரியர் அறையில் யாராவது நகைச்சுவை சொன்னால், சிரிக்க வேண்டிய இடம் வந்ததும் சிரித்தாள். ஆனால் அதெல்லாம் பக்கத்து வீட்டு வானொலிபோலச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒலித்துக்கொண்டிருந்தது.

அவள் கணவர் பல்செட் செய்கிறவர். வீட்டின் முன் அறைதான் பட்டறை. சன்னல் மாடத்தில் முப்பது நாற்பது பல்வரிசைகள் காய்ந்துகொண்டிருக்கும். அந்தத் தெருவிலேயே அதிகம் சிரிப்பு இருந்த வீடு அதுதான். தபால்காரர் அந்தச் சன்னலைப் பார்த்துப் பதிலுக்குச் சிரித்துச் சிரித்தே பழகிப்போனார்.

"பல்லுக்கு ஊசி போட்டா கன்னம் மரத்துப்போகும்," என்றார் கணவர் ஒரு நாள் சாப்பாட்டின் நடுவே. "ரெண்டு மணி நேரத்துல விட்டுடும். மிஞ்சிப்போனா மூணு. ரெண்டு வருஷமா விடாத கேஸ் நீ ஒருத்திதான்."

"குழம்புல உப்பு இருக்குதாங்க?"

"இல்ல. போட மறந்துட்ட."

"அப்படியா," என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி ஊற்றிக்கொண்டாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் நடந்தது இதுதான். பள்ளியில் அக்கா தங்கை இரண்டு பேர் படித்தார்கள். பெரியவளுக்கு எட்டு வயது முடியவில்லை, சின்னவளுக்கு ஐந்து. தாய் ஒருத்திதான். அவளும் எப்போது முடியும் என்று மருத்துவர்களுக்கே தெரியாத ஒரு நீண்ட சிகிச்சைக்குப் போக வேண்டியதாயிற்று. குழந்தைகளை நலத்துறை ஏற்றுக்கொண்டு ஓர் இல்லத்தில் சேர்ப்பதென்று முடிவானது. அதற்குப் படிவம் உண்டு, அதில் 'குழந்தைகளுக்கு விஷயத்தைச் சொன்னவர் யார்' என்று ஒரு கட்டமும் உண்டு. பள்ளியின் படிவத்தில் அந்தக் கட்டத்தில் 'நலத்துறை சொல்லும்' என்று எழுதியிருந்தது. நலத்துறையின் படிவத்தில் 'பள்ளி சொல்லும்' என்று எழுதியிருந்தது. இரண்டுமே முத்து முத்தான கையெழுத்து. இரண்டிலும் முத்திரை இருந்தது.

ஆக, யாருமே சொல்லவில்லை. மதியம் இரண்டரைக்கு வாசலில் கார் வந்து நின்றது. பையை எடுத்துக்கொண்டு வரச் சொன்னதும் பள்ளி சீக்கிரம் விட்டுவிட்டதென்று பெரியவள் குதித்துக்கொண்டே வந்தாள். காரின் முன் இருக்கையில் இருந்தவரைப் பார்த்தாள். பிறகு சாவி டீச்சரைப் பார்த்தாள்.

"எங்க போறோம் டீச்சர்?"

சாவி டீச்சர் சொன்னாள். வாசலில் நின்றபடி, இரண்டு நிமிஷத்தில், சொல்லக் கூடாத விதத்தில் சொன்னாள்.

"நீங்க வரமாட்டீங்களா?"

"வியாழக்கிழமை வந்து பாக்கறேன். கடைசி பீரியட் எனக்குக் கிளாஸ் இல்ல."

கடைசி பீரியட் என்ற விவரம் பெரியவளுக்குத் திருப்தியாக இருந்தது. தலையாட்டிவிட்டுத் தங்கையை முதலில் ஏற்றினாள்.

நடைக்கூடத்து ஆணியில் அவர்களுடைய மழைக்கோட்டுகள் இரண்டும் மறந்துபோய்த் தொங்கின. ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள். வியாழக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று சாவி டீச்சர் அவற்றை மடித்துப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். பதினேழாம் எண் சாவி. முதல் வியாழன் பள்ளியில் ஆய்வு. இரண்டாம் வியாழன் தலைமையாசிரியர் வரவில்லை. மூன்றாம் வியாழன் அவளுக்கே காய்ச்சல். நான்காம் வியாழன் எந்த முகத்தோடு போவது என்று இருந்தது. ஐந்தாம் வியாழன் அது வியாழன் என்பதே மறந்திருந்தது. எதுவும் உறைக்காமல் போனது ஏறக்குறைய அந்தச் சமயத்திலிருந்துதான். தேதி போட்டுச் சொல்ல முடியாது.

இப்படிக் கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே குழந்தைகள் விழுவது அந்த ஒரு பள்ளியில் மட்டும் நடக்கவில்லை. அதனால் பள்ளித் துறையும் குழந்தை நலத் துறையும் கைகோத்து ஆறு மாதத் தலைமைப் பயிற்சி ஒன்றைத் தொடங்கின. தொடங்குவதற்கு முன் பதினோரு கூட்டங்கள் நடந்தன. அவற்றில் நான்கு, அடுத்த கூட்டத்தை யார் கூட்டுவது என்பதைப் பற்றி. பயிற்சியில் தேறியவருக்குத்தான் தலைமையாசிரியர் பதவி. சாவி டீச்சரின் தலைமையாசிரியர் ஓய்வு பெறும் வருஷம் அது. பத்தொன்பது வருஷமாகத் துணையாக இருந்தவளை எல்லாரும் பிடித்துத் தள்ளினார்கள். போனாள்.

பயிற்சி அறையில் சுவர் தெரியாமல் வண்ணச் சீட்டுகளை ஒட்டியிருந்தார்கள். ஒரு நாள் மின்விசிறியைக் கொஞ்சம் வேகமாக வைத்ததில் 'நம்பிக்கை', 'பகிர்வு', 'பொறுப்பு' மூன்றும் சன்னல் வழியாகப் பறந்துபோய்விட்டன. கீழே பழக்கடைக்காரர் அவற்றைப் பொறுக்கி விலை எழுதிக்கொண்டாராம்.

பள்ளிக்காரர் ஒருவர், நலத்துறைக்காரர் ஒருவர் என்று சீட்டுக் குலுக்கி ஜோடி சேர்த்தார்கள். சாவி டீச்சருக்கு விழுந்தவர் நலத்துறைப் பிரிவு அலுவலர். அவருக்கு அலுவலகத்தில் 'சரி சார்' என்று பெயர். எதற்கும் சரி என்பார். ஒரு முறை மாடியில் புகை வந்து, யாரோ ஓடிவந்து "சார், தீ!" என்று கத்தியபோதுகூட "சரி" என்று சொல்லி, பேனாவை மூடி வைத்துவிட்டுத்தான் எழுந்தாராம்.

அவர் திரும்பி உட்கார்ந்தபோது பிடரியில் பெரிய மச்சம் தெரிந்தது. சாவி டீச்சருக்கு அந்த மச்சம் தெரியும். காரின் முன் இருக்கையில் இருந்த பிடரி அது.

"வணக்கம் மேடம்," என்றார் அவர். அவருக்கும் தெரிந்திருந்தது. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நான்கு மாதம் பேசவில்லை. கூட்டாகச் செயல்படுவது எப்படி என்று அறிக்கை மட்டும் சேர்ந்து எழுதினார்கள். நல்ல மதிப்பெண் வந்தது.

ஐந்தாம் மாதம் நாற்காலி மாற்றம். ஒரு வாரம் ஒருவர் நாற்காலியில் மற்றவர் உட்கார வேண்டும், அவராகவே கையெழுத்துப் போட வேண்டும், அவராகவே பேச வேண்டும்.

"உங்க சொந்த நாற்காலிய சுத்தமா மறந்துடணும்," என்றார் பயிற்றுநர் அம்மாள். கையில் மதிப்பெண் அட்டை இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. "நடுவுல யாராவது பழைய இடத்துக்குப் போய்ப் பேசினா பரிமாற்றம் ரத்து. ரெண்டு பேருக்கும் பூஜ்யம்."

திங்கட்கிழமை காலை சாவி டீச்சர் கொத்தை அவிழ்த்துச் சரி சாரிடம் கொடுத்தாள். பேருந்து நிறுத்தம் வரை அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நடந்தாள். பாரத்துக்குப் பழகிய உடம்பு.

நலத்துறை அலுவலகத்தில் அவர் அறை சின்னது. ஒரு மேஜை, தண்ணீர்க் கேன், மூலையில் பொம்மைப் பெட்டி. பெட்டியில் சக்கரம் போன லாரியும் காது போன முயலும் இருந்தன. எதிரே பெரியவர்களுக்கு இரண்டு நாற்காலி, குழந்தைகளுக்கு ஒரு முக்காலி. முக்காலியில் உட்கார்ந்தால் மேஜைக்கு மேல் தலை மட்டும்தான் தெரியும். உட்கார்ந்து பார்த்தாள். மேஜைக்கு அடியில் யாரோ பென்சிலால் ஒரு பூனை வரைந்திருந்தார்கள்.

மேல் கோப்பே அந்த அக்கா தங்கையுடையது. மறுநாள் பதினோரு மணிக்கு மறுஆய்வுக் கூட்டம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை நடப்பது. 'நிலையான தொடர்பாளர்' என்று ஒரு கட்டம். வெளியிலிருந்து வாரம் ஒரு முறையாவது வந்து குழந்தைகளைப் பார்க்கும் ஆள் யார் என்று அர்த்தம். எட்டு வரிகளிலும் 'பள்ளி நியமிக்கும்' என்று இருந்தது. அவளுடைய பள்ளிக் கோப்பில் அதே எட்டு வரிகளில் என்ன இருக்கும் என்று அவள் பார்க்கத் தேவையில்லை. அவள் கைப்பட எழுதியதுதான். 'நலத்துறை நியமிக்கும்.'

அடியில் பரிந்துரை தட்டச்சாகியிருந்தது. பெரியவளுக்கு அடுத்த மாதம் பத்து வயது. விதிப்படி அவளைப் பெரிய பெண்களின் இல்லத்துக்கு மாற்ற வேண்டும். ஒன்றரை மணி நேரப் பேருந்துத் தொலைவு. சின்னவள் இங்கேயே இருப்பாள். நிலையான தொடர்பாளர் இருந்தால் மட்டும் இரண்டு பேரையும் உடன்பிறந்தோர் இல்லத்தில் ஒன்றாக வைக்கலாம். தொடர்பாளர் இல்லை.

மூன்று தடவை படித்தாள். மனசில் ஒன்றும் அசையவில்லை. தொலைபேசியை எடுத்துத் தன் பள்ளிக்கே போட்டாள்.

"சார், உங்க மேஜையில ஒரு ஃபைல் இருக்கு."

"சரி."

"நாளைக்கு ரிவ்யூ."

"சரி."

"அந்த ரெண்டு பொண்ணுங்க."

அவர் சரி என்று சொல்லவில்லை. பின்னால் அவளுடைய பள்ளி மணி அடித்தது. பிள்ளைகள் ஓடும் சத்தம் கேட்டது.

"மேடம், பதினேழாம் நம்பர் சாவி எதுக்கு?"

"பழைய பீரோ. அதத் திறக்க வேணாம் சார்."

"திறந்துட்டேன்," என்றார் அவர்.

செவ்வாய்க்கிழமை இல்லத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் மேஜை போட்டிருந்தார்கள். அலுவலர் தரப்பு நாற்காலியில் சாவி டீச்சர். எதிர்ப்பக்கம், பள்ளித் தரப்பில், சரி சார். சாவிக்கொத்தை இடைவாரில் மாட்டியிருந்ததால் கால்சட்டை ஒரு பக்கம் இறங்கிக்கொண்டேயிருந்தது. அவரும் பிடித்து இழுத்துக்கொண்டேயிருந்தார். மடியில் ஒரு துணிப்பை. நடுவில் இல்லப் பொறுப்பாளர், குரல் கணீரென்ற அம்மாள். மூலையில் பயிற்றுநர், மதிப்பெண் அட்டையோடு.

பிள்ளைகள் வந்தார்கள். சின்னவளுக்குச் சாவி டீச்சரை நினைவில்லை. பெரியவள் சாவி டீச்சரின் முகத்தைப் பார்த்தாள், பிறகு இடுப்பைப் பார்த்தாள்.

"சாவி எங்க டீச்சர்?"

"சார்கிட்ட இருக்கு."

பெரியவள் திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். "இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை," என்றாள். வருகைப் பதிவேட்டில் ஒரு தப்பைத் திருத்துகிறவளைப்போலச் சொன்னாள். கோபமெல்லாம் இல்லை. மேஜையில் இருந்த மற்றவர்களுக்கு அது விளங்கவில்லை. சரி சார் மட்டும் கால்சட்டையை இழுப்பதை நிறுத்தினார்.

சாவி டீச்சர் பரிந்துரையைப் படித்தாள். அலுவலராகப் படித்தாள். குரல் ஒரே மட்டத்தில் போனது. பெரியவள் தங்கையின் சட்டைக் காலரைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். 'வேறு இல்லத்துக்கு' என்ற இடத்தில் விரல்கள் காலரை ஒரு சுற்றுச் சுற்றின.

"நிலையான தொடர்பாளர். பள்ளி நியமிக்கும்," என்று படித்துவிட்டு, முறைப்படி நிமிர்ந்தாள். "பள்ளித் தரப்பு என்ன சொல்றீங்க?"

சரி சார் கோப்பைத் திறந்தார். "நலத்துறை நியமிக்கும்னு எழுதியிருக்கு."

பொறுப்பாளர் அம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டார். "நல்லா இருக்குங்க கூத்து! கதவுகிட்ட நின்னுக்கிட்டு நீங்க முதல்ல போங்க, நீங்க முதல்ல போங்கன்னு ரெண்டு வருஷமா மரியாதை பண்ணிக்கிட்டிருக்கீங்க. பின்னால பிள்ளைங்க மழையில நிக்குது."

"சரி," என்றார் அவர். "பள்ளி இப்ப நியமிக்குது. துணைத் தலைமையாசிரியை."

"சார்," என்றார் பயிற்றுநர் மூலையிலிருந்து, "இந்த வாரம் துணைத் தலைமையாசிரியை நீங்கதான்."

"சரி. அப்ப நான்."

"நலத்துறை ஆள் தொடர்பாளரா இருக்கக் கூடாது," என்றார் பொறுப்பாளர் அம்மாள். " அது உங்க விதி. நீங்க எழுதின விதி."

சரி சார் கோப்பின் நுனியை மடித்தார், நிமிர்த்தினார். எல்லாரும் சாவி டீச்சரைப் பார்த்தார்கள். பெரியவள் பார்க்கவில்லை. இந்த மாதிரிக் கூட்டம் அவளுக்கு ஒன்பதாவது. பெரியவர்கள் கோப்பைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பார்கள், பிறகு தேநீர் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

சாவி டீச்சர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள்.

"மேடம், யோசிச்சுக்குங்க," என்றார் பயிற்றுநர். "எழுந்து அந்தப் பக்கம் போனீங்கன்னா ரத்து. தலைமைப் பட்டியல்ல உங்க பேர் வராது. சாருக்கும் பூஜ்யம்தான்."

அவள் சரி சாரைப் பார்த்தாள். ஆறு வருஷமாக அவர் பதவி உயர்வுக்குக் காத்திருந்தது அவளுக்குத் தெரியும்.

"சரி," என்றார் அவர். வழக்கமான சரியைவிடக் கொஞ்சம் தாமதமாக வந்தது. எழுந்து அவளுக்கு நாற்காலியை விட்டார்.

மேஜையைச் சுற்றி ஆறு அடி இருக்கும். நடந்தாள். பெரிய காரியம் செய்கிறோம் என்று எந்த உணர்ச்சியும் எழவில்லை. பேருந்தில் வெயில் பக்கத்திலிருந்து நிழல் பக்கம் மாறி உட்கார்ந்ததுபோல இருந்தது.

"பள்ளித் தரப்பு," என்றாள். "நான் வரேன். வியாழக்கிழமை."

பயிற்றுநர் அட்டையில் இரண்டு வட்டம் போட்டார். பொறுப்பாளர் அம்மாள் ஒன்பதாம் வரியில் பெயர் எழுதினார். சரி சார் துணிப்பையிலிருந்து மழைக்கோட்டுகளை எடுத்து மேஜையில் வைத்தார். பெரியவள் சிவப்பைப் போட்டுப் பார்த்தாள். கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டது. கழற்றித் தங்கைக்குப் போட்டாள். அளவாக இருந்தது. மஞ்சள் யாருக்கும் ஆகவில்லை. அதை மடித்து மேஜையிலேயே வைத்தாள்.

பரிமாற்றம் ரத்தாகி, கொத்து அன்றே அவள் இடுப்புக்குத் திரும்பியது. பின்னால் தலைமையாசிரியர் பதவிக்கு வேறு பள்ளியிலிருந்து ஒருவர் வந்தார். பயிற்சி அறிக்கையில் இந்த ஜோடியைப் பற்றி 'நாற்காலியில் நிலைக்கத் தவறினர்' என்று ஒரே வரி எழுதியிருந்தது.

"பதவி போச்சா?" என்று செவ்வாய் ராத்திரி கேட்டார் கணவர், ஒரு கீழ்ப்பல் வரிசையை அரத்தால் தேய்த்துக்கொண்டே.

"போச்சுங்க."

"வருத்தமா இருக்கா?"

"தெரியல."

"உப்பு?"

அவள் ஒரு வாய் மென்றாள். "பாக்கணும்," என்றாள். அவர் அரத்தைக் கீழே வைத்துவிட்டு அவளை ஒரு முறை பார்த்தார், மறுபடி எடுத்துக்கொண்டார்.

அந்த வார வியாழக்கிழமை கடைசி பீரியடில் அவள் இல்லத்துக்குக் கிளம்பினாள். அக்காவும் தங்கையும் அந்த வாரக் கடைசியில் உடன்பிறந்தோர் இல்லத்துக்கு மாறுவதாக இருந்தது. சரி சாரும் அதற்கான தாள்களோடு வந்து கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். சாவி டீச்சர் சுவரோரப் பாயில் உட்கார்ந்தாள். என்ன பேசுவதென்று தெரியவில்லை. வாய்ப்பாடு கேட்டாள். பெரியவள் ஏழாம் வாய்ப்பாடு சொன்னாள். சின்னவள் சும்மா வந்து அவள் தொடையில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள். யார் மடியிலும் படுக்கிற பிள்ளை அது. கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டது.

"அடுத்த வியாழக்கிழமை வருவீங்களா?"

"வரேன்மா."

"எழுதிக் குடுங்க," என்றாள் பெரியவள்.

நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து நீட்டினாள். சாவி டீச்சர் 'அடுத்த வியாழக்கிழமை நான் வருகிறேன்' என்று எழுதினாள். பெரியவள் வாங்கிப் படித்தாள்.

"நான்னா யாரு? கையெழுத்து இல்லயே."

கையெழுத்துப் போட்டாள்.

"சாரும் போடணும். ஒருத்தர் போட்டா செல்லாது."

சரி சார் குனிந்து தாளை வாங்கினார். "சரி," என்றார்.

"சரின்னு சொன்னா ஆச்சா? எழுதுங்க."

அவர் சுவரில் தாளை வைத்து எழுதினார். பெரியவள் இரண்டு கையெழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, நான்காக மடித்து, பென்சில் பெட்டியில் அழிப்பானுக்கு அடியில் வைத்து மூடினாள். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அஞ்சு மணி வரைக்கும்தானே பார்வை நேரம்? இன்னும் இருபது நிமிஷம் இருக்கு."

எட்டாம் வாய்ப்பாடு, ஒன்பதாம் வாய்ப்பாடு. சாவி டீச்சர் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஐந்து அடித்ததும் சின்னவளை மெல்லப் பாயில் நகர்த்திவிட்டு எழுந்தாள். எழ முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன டீச்சர்?"

"கால் மரத்துப்போச்சும்மா. பாரம் பழகல."

"தரையில ரெண்டு தடவ உதைங்க. முதல்ல ஊசி குத்தற மாதிரி இருக்கும். அப்புறம் விட்டுடும்."

சாவி டீச்சர் காலைத் தூக்கி ஓங்கி உதைத்தாள். இருபத்து மூன்று சாவிகளும் குலுங்கின. பக்கத்து அறையில் கூச்சல் போட்டுக்கொண்டிருந்த அத்தனை பிள்ளைகளும், அவளை ஒரு நாளும் பார்த்திராதவர்கள், சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள்.